காரணம்: உட்கார முடிகிறது

வலிக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க அரசாங்கம் ஒரு குழு போட்டிருந்தது. குழு போட்டுப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. அதில் முதல் நான்கு மாதம், வலியை யார் அளப்பது என்ற கேள்வியிலேயே போயிற்று. கொடுக்கிறவரா, வாங்குகிறவரா? கொடுக்கிறவர் பயிற்சி பெற்ற அரசு ஊழியர். வாங்குகிறவரோ விஷயத்தில் சொந்த லாபம் உள்ளவர், கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். ஆகவே கொடுக்கிறவர் சொல்வதையே எடுத்துக்கொள்வதென்று ஏகமனதாக முடிவாயிற்று. அன்று உறுப்பினர்கள் எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள்.

விவகாரம் இதுதான். விசாரணை இலாகா என்று ஒன்று இருந்தது. பிடித்து வந்தவர்களிடமிருந்து உண்மையை வரவழைக்க அங்கே ஒன்பது முறைகள் வைத்திருந்தார்கள். நிற்க வைப்பது முறை எண் நான்கு. உட்கார வைப்பது முறை எண் ஆறு. முகத்தில் துணியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது முறை எண் எட்டு, அதற்கு அவர்கள் வைத்த பெயர் முக சுத்தம். ஒரு பத்திரிகை வேறு வேலை இல்லாமல் இதையெல்லாம் சித்திரவதை என்று எழுதிவிட்டது. மந்திரி சட்டசபையில் எழுந்து, "நாம சித்திரவதை பண்றதில்லை. அதனால நாம பண்றது எதுவும் சித்திரவதை ஆகாது" என்றார். அவர் பக்கத்தில் இருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். எதிர்க்கட்சியும் விடவில்லை. தங்கள் ஆட்சியில் பதினொரு முறைகள் இருந்ததாகவும், இந்த அரசு அலட்சியத்தால் இரண்டைத் தொலைத்துவிட்டதாகவும் சொல்லி வெளிநடப்புச் செய்தது. குழு பிறந்தது அப்படித்தான்.

இந்தக் குழுவிடமிருந்து தச்சருக்கு ஒரு கடிதம் வந்தது.

தச்சர் ஒன்றும் பெரிய ஆளில்லை. கடைத்தெருவின் கோடியில், சைக்கிள் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவே நீளமாக ஒரு பட்டறை. முப்பது வருஷமாக நாற்காலி மட்டும்தான் செய்கிறார். யாராவது கட்டில் கேட்டு வந்தால் அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவார். செய்து முடித்த ஒவ்வொரு நாற்காலியையும் கவிழ்த்துப் போட்டு, உட்காரும் பலகையின் அடியில் சின்ன உளியால் ஓர் இலை செதுக்குவார். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், யாரும் பார்க்கவில்லை என்பதற்காகச் செதுக்காமல் விட முடியுமா என்பார்.

கடிதம் சுருக்கமாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் விசாரணை இலாகாவுக்கு அவர் செய்து கொடுத்த பன்னிரண்டு நாற்காலிகள் தொடர்பாக, நிபுணர் சாட்சியாக வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆஜராக வேண்டும். தச்சருக்கு நிபுணர் என்ற சொல்லைப் பார்த்ததும் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவர் மனைவிக்குச் சந்தோஷம் இல்லை. அவள் நாற்பத்தொரு நாளாக அந்த இலாகாவின் வாசலுக்குப் போய் வருகிறாள். அவளுடைய தம்பி உள்ளே இருந்தான். ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். மந்திரி ஒருவர் பாலத்தின் மேல் போன அன்று, பாலத்தின் கீழே பன்னிரண்டு நிமிஷம் வண்டியை நிறுத்தியிருந்தான். டயர் பஞ்சர். இலாகா பஞ்சரை நம்பவில்லை. பத்தொன்பதாம் நாள், பாலத்தைத் தகர்க்கத் தனி ஆளாகத் திட்டமிட்டதாக அவன் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று வாசலில் சொன்னார்கள். எதை வைத்துத் தகர்ப்பதாக இருந்தான் என்று அவள் கேட்டதற்கு, அது இன்னும் விசாரணையில் இருக்கிறது என்று பதில் வந்தது. வண்டியில் இருந்தது நானூறு ரொட்டி.

"என்னங்க, நீங்க உள்ள போறீங்க. நான் இத்தனை நாளா வாசலைத் தாண்டல" என்றாள். "அவனைப் பாக்க முடிஞ்சா பாருங்க. முடியலைன்னா எப்ப விடுவாங்கன்னு கேட்டுட்டு வாங்க."

"நாற்காலி பத்தித்தான் கேப்பாங்க போலிருக்கு."

"அவங்க எதைப் பத்திக் கேட்டாலும் நீங்க இதைக் கேளுங்க."

தச்சர் தலையாட்டினார். அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளைப் பற்றி அவர் அவளிடம் முழுதாகச் சொன்னதில்லை.

நடந்தது இது. ஆர்டரோடு ஒரு வரைபடம் வந்திருந்தது. அதில் முன்கால்கள் பின்கால்களைவிட இரண்டு விரல் குட்டை. பலகையோ பாதி அகலம்தான். அப்படிச் செய்தால் உட்காருகிறவன் முன்னால் சரிந்துகொண்டே இருப்பான், விழாமல் இருக்க நுனிக்காலில் மொத்த உடம்பையும் தாங்க வேண்டும். படம் போட்ட பையன் அவசரத்தில் தப்பாகப் போட்டுவிட்டான், பாவம், அவனுக்கு ஏன் கெட்ட பெயர் என்று நினைத்த தச்சர், யாருக்கும் சொல்லாமல் அளவைத் திருத்தி, பன்னிரண்டும் பிரமாதமாகச் செய்து அனுப்பினார். நான்காம் நாள் பன்னிரண்டும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "பொருள் நிராகரிக்கப்படுகிறது. காரணம்: உட்கார முடிகிறது."

தச்சர் அரை நாள் அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவருக்கு ஒரு விளக்கம் கிடைத்தது. அந்தக் கட்டடத்தில் தரை சரிவாக இருக்க வேண்டும். பழைய கட்டடம்தானே, மழை நீர் வடிய அப்படிப் போட்டிருப்பார்கள். சரிவான தரைக்கு இந்தக் கால்தான் சரி. இந்த விளக்கம் கிடைத்ததும் மனசு லேசாகி, ரம்பத்தை எடுத்து இருபத்துநான்கு முன்கால்களையும் இரண்டிரண்டு விரல் வெட்டினார், பலகைகளைப் பாதியாக்கினார். நாற்காலி பன்னிரண்டு, நல்ல நிலையில் என்று சீட்டில் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருஷமாக அந்தத் தரையைப் பற்றி அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் சமதளம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் உள்ளே எங்கோ இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

வியாழக்கிழமை குழு கூடும் கட்டடத்துக்குப் போனார். வாசலில் கறுப்புத் துணி போர்த்திய ஒரு பொருளை இரண்டு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். துணிக்குக் கீழே நான்கு கால்கள் தெரிந்தன.

"அந்தப் பக்கம் பாக்காதீங்க" என்றார் காவலர். "அது ரகசியப் பொருள்."

"நான்தாங்க அதைச் செஞ்சேன்."

"அப்படின்னா பாத்ததில்லைன்னு இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

"பாத்ததில்லைன்னு எழுதிக் குடுத்துட்டு, உள்ள போய் எப்படிங்க சாட்சி சொல்றது?"

"அதை உள்ள கேளுங்க. எனக்கு வாசல் மட்டும்தான்."

உள்ளே நடைகூடத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. அதன் மேல் சாட்சிகளுக்கு அல்ல என்று எழுதியிருந்தது. தச்சர் இரண்டரை மணி நேரம் நின்றார். முட்டி விண்ணென்று தெறித்தது. பக்கத்தில் இருந்த பியூனிடம், நிற்க வைப்பதுகூட அந்தப் பட்டியலில் ஒரு முறை என்று பத்திரிகையில் படித்தேனே என்று மெதுவாகச் சொன்னார்.

"அது வேறங்க" என்றார் பியூன். "முறை எண் நாலுன்னா இலாகா ஆள் வந்து நிக்க வைக்கணும். நீங்க நீங்களாத்தானே நிக்கறீங்க."

அப்போதுதான் இலாகா இயக்குநர் வந்தார். மென்மையான மனிதர். சோப்பு வாசனை. கக்கத்தில் ஒரு ஃபைல்.

"உங்க மச்சினன் ஃபைல்தான்" என்று தட்டிக் காட்டினார். "நல்ல பையன். நல்லா ஒத்துழைக்கறான். உள்ள உங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. இது நாற்காலியா இல்லையா. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க. நாற்காலின்னா அது மேசை, பீரோ மாதிரி ஒரு சாமான். சாமான் சமாச்சாரம் பொதுப்பணி இலாகாவோடது, குழுவுக்கு அதுல வேலையே இல்லை. எங்களுக்கும் தலைவலி போச்சு. மச்சினனையும் சீக்கிரம் பாக்கலாம்."

"இல்லைன்னு சொன்னா?"

"அப்ப நாற்காலின்னு கையெழுத்துப் போட்டு வேற எதையோ குடுத்துட்டீங்கன்னு ஆயிடும். அது மோசடி." இயக்குநர் அவர் தோளில் கை வைத்தார். "நீங்களும் மச்சினனும் ஒரே இடத்துல இருக்கலாம்."

அறைக்குள் நீள மேசை. அதற்குப் பின்னால் மெத்தை வைத்த நாற்காலிகளில் உறுப்பினர்கள். நடுவில் தலைவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பவர். தலைவருக்கு வலப்பக்கம் ஆளுங்கட்சி உறுப்பினர், பெரிய உடம்பு, பெரிய குரல். இடப்பக்கம் எதிர்க்கட்சி உறுப்பினர். ஓர் ஓரத்தில் இலாகாவின் மருத்துவர். மேசையின் கடைசியில் குறிப்பெழுதும் குமாஸ்தா. குழுவில் ஒரு விதி இருந்தது. முடிவு எடுக்கும்வரை சித்திரவதை என்ற வார்த்தையை அறைக்குள் யாரும் சொல்லக்கூடாது, சொன்னால் குமாஸ்தா மணி அடிப்பார். இன்னொரு விதி, குறிப்பில் ஏறியதை யாரும் அழிக்கக்கூடாது. இரண்டு விதியையும் குமாஸ்தாதான் எழுதினார், இரண்டையும் தன் பிள்ளைகள் போலக் காப்பாற்றி வந்தார்.

முதலில் மருத்துவர் பேசினார். "முறை எண் ஆறுல சாதாரணமா பதினெட்டு மணி நேரம் உட்கார வைக்கறோம். கால் வீங்கும். வீங்காதுன்னு நான் சொல்லல. ஆனா அரை மணிக்கு ஒரு தடவை நான் டேப் வச்சு அளக்கறேன். வரம்புக்குள்ள இருந்தா தொடரச் சொல்றேன். அளந்து செய்யறதை எப்படி மத்ததோட சேக்க முடியும்? அளக்கறது வைத்தியம்."

"வரம்பைத் தாண்டினா?" என்றார் எதிர்க்கட்சி உறுப்பினர்.

"வரம்பை மாத்துவோம். மருத்துவம் வளர்ற துறை."

துணியை எடுத்தார்கள். தச்சர் தன் நாற்காலியைப் பார்த்தார். அறையின் தரை நல்ல சமதளம். நாற்காலி முன்னால் குனிந்து, எதையோ கீழே தேடுவதுபோல நின்றது.

"இதுல என்ன இருக்கு?" என்று ஆளுங்கட்சி உறுப்பினர் எழுந்தார். "பதினொரு மாசமா இந்த ஒரு பலகையைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம். நானே உட்காந்து காட்டறேன். இந்தச் சாட்சி பேசி முடிக்கற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். எழுதிக்கோங்க." பெரிய உடம்பைச் சின்னப் பலகையில் இறக்கினார். "ஆகா. எங்க வீட்டுலகூட இப்படி இல்லை."

குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

தலைவர் தச்சரைப் பார்த்தார். "ஒரே கேள்வி. உங்க முன்னால இருக்கறது நாற்காலியா, இல்லையா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு."

தச்சர் ஏதோ தந்திரம் யோசித்ததால் அல்ல, பழக்கம் அப்படி இருந்ததால்தான் அடுத்தது நடந்தது. ஒரு கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல அவருக்கு ஆயுசில் வந்ததில்லை. நாற்காலி எப்போது தயாராகும் என்று கேட்டால் மரம் எங்கே வாங்கினார் என்பதிலிருந்து தொடங்குவார். இதற்குப் பயந்தே வாடிக்கையாளர்கள் அவர் மனைவி பட்டறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வருவார்கள்.

"ஐயா, மொதல்ல மரத்தைப் பத்திச் சொல்லணும்" என்றார். "எல்லா மரமும் நாற்காலிக்கு ஆகாது."

மரத்தைப் பற்றிச் சொன்னார். மரத்தைக் காய வைப்பது பற்றிச் சொன்னார். வெயிலில் காய வைக்கிறவர்கள் மடையர்கள் என்றும் நிழலில்தான் காய வேண்டும் என்றும் சொன்னார். பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தது. தற்செயலாகத் திரும்பியபோது, ஆளுங்கட்சி உறுப்பினரின் குதிகால் தரையிலிருந்து எழும்பி மெல்ல நடுங்குவதைப் பார்த்தார். அந்த நாற்காலியில் எந்த இடத்தில், எத்தனையாவது நிமிஷத்தில் என்ன ஆகும் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அடுத்தது தொடை. அதற்கப்புறம் இடுப்பு. தச்சர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, முன்பைவிட நிதானமாக, இழைப்புளியைப் பிடிப்பது எப்படி என்று ஆரம்பித்தார்.

நாற்பதாவது நிமிஷம் உறுப்பினரின் சட்டை நனைந்துவிட்டது. "தலைவரே, சாட்சி சுருக்கமாப் பேசட்டும்."

"சாட்சியைக் குறுக்கிடக்கூடாதுன்னு விதி இருக்கு" என்றார் குமாஸ்தா.

"அப்ப நான் எழுந்திருக்கறேன்."

"பேசி முடிக்கற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்னு குறிப்புல ஏறியிருக்குங்க."

மருத்துவர், யாரும் சொல்லாமலே, பையிலிருந்து டேப்பை எடுத்து வந்து உறுப்பினரின் கணுக்காலை அளந்தார். "வரம்புக்குள்ள இருக்கு. தொடரலாம்."

தச்சர் உப்புத்தாளுக்கு வந்தார். உப்புத்தாளில் எத்தனை ரகம் உண்டோ அத்தனையையும் சொன்னார். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. உறுப்பினரிடமிருந்து ஒரு முனகல் வந்தது. அது வித்தியாசமான முனகல், அடித்தொண்டையில் கிளம்பி மூக்கு வழியாக வருவது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஓரத்தில் உட்கார்ந்திருந்த இயக்குநர் தன்னையறியாமல் எழுந்தார். இருபது வருஷப் பழக்கம். நேராகப் போய் உறுப்பினரின் காதருகே குனிந்து, கையில் இருந்த மச்சினன் ஃபைலை அவர் கண்ணெதிரே பிரித்து, அன்பாகக் கேட்டார்.

"பாலத்தைத் தகர்க்கத் திட்டம் போட்டது யாரு?"

"எந்தப் பாலம்?"

"அவசரமில்லை. யோசிச்சுச் சொல்லுங்க. சாயங்காலம்வரைக்கும் நேரம் இருக்கு."

உறுப்பினர் சாயங்காலம் என்ற வார்த்தையை ஒரு கணம் யோசித்தார். "நான்தான்" என்றார். "நான்தான் போட்டேன்."

"கூட யாரு?"

"யாரும் இல்லை. தனி ஆளாத்தான். ரொட்டி, வண்டி, என்ன வேணாலும் எழுதிக்கோங்க. எழுந்திருக்க விடுங்க."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். எதிர்க்கட்சி உறுப்பினர் இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாமா என்று ஆவலோடு கை தூக்கினார்.

அப்போதுதான் இயக்குநருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. ஃபைலை மூடினார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தச்சரும் பேச்சை நிறுத்தியிருந்தார். உறுப்பினரின் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்ததும் தச்சருக்கு இத்தனை நேரம் இருந்த குஷி போய்விட்டது. இதே நாற்காலி, இதே சரிவு. மச்சினன் உட்கார்ந்தபோது பேச்சை முடித்துவைக்க அங்கே எந்தத் தச்சரும் இருந்திருக்க மாட்டார்.

"முடிச்சுக்கறேங்க" என்றார். "நான் பன்னெண்டு நாற்காலி செஞ்சேன். உட்கார முடியுதுன்னு திருப்பிட்டாங்க. அதை வெட்டினதுதான் இது. வெட்டினது என் கைதான், வேற யாரும் இல்லை. இது நாற்காலி இல்லைங்க. இது சித்திரவதை."

குமாஸ்தா மணி அடித்தார்.

இரண்டு பேர் தாங்கிப் பிடித்து உறுப்பினரை மெத்தை நாற்காலிக்கு மாற்றினார்கள். தலைவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"உறுப்பினர் சொன்னது வலி தாங்காம சொன்னது" என்றார். "அதை யாரும் உண்மைன்னு எடுத்துக்க முடியாது. இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அப்படின்னா என் மச்சினன் சொன்னதுங்க? அவனும் இதுல உட்காந்துதானே சொன்னான்?"

"அவருக்கு வலிக்கலைன்னு இலாகா எழுதிக் குடுத்திருக்கே. இந்த விஷயத்துல கொடுக்கறவர் சொல்றதைத்தான் எடுத்துக்கறதுன்னு முதல் நாலு மாசத்துலயே முடிவு பண்ணியாச்சு."

"அவனை எப்ப விடுவீங்க?"

"அது இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லை."

மூன்று வாரத்தில் குழுவின் அறிக்கை வந்தது. பத்திரிகைகள் அதை வரலாற்றுச் சிறப்பு மிக்கது என்று பாராட்டின. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரை அந்த நாற்காலியில் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் உட்கார வைத்தால் அது சித்திரவதை. மற்றவர்களை உட்கார வைத்தால் அது உட்கார வைத்தல். எதிர்க்கட்சி, முன்னாள் உறுப்பினர்களையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் குமாஸ்தாவின் குறிப்பை யாராலும் அழிக்க முடியவில்லை. ஒரே பாலத்தைத் தகர்க்க, தனி ஆளாகத் திட்டமிட்டதாக இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மேல் வழக்குப் போட்டால் இன்னொருவர் பெயரும் வெளியே வரும். கடைசியில் பாலம் இருந்த இடத்திலேயே இருப்பதைச் சுட்டிக்காட்டி ஃபைலை மூடினார்கள். ஒரு புதன்கிழமை காலை, காரணம் எதுவும் சொல்லாமல், மச்சினனை வாசலில் கொண்டுவந்து விட்டார்கள்.

அதே நாள் காலைத் தபாலில் தச்சருக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. குழுவின் ஒப்புதல் கிடைத்துவிட்டதால் இலாகாவுக்குப் புதிதாக இருபத்துநான்கு நாற்காலிகள் தேவை. வரைபடம் இணைக்கப்பட்டுள்ளது. இந்த ஆர்டரை முடித்துக் கொடுத்தால், முந்தைய பன்னிரண்டில் நாற்காலி என்று தவறாகக் கையெழுத்திட்ட குற்றம் மன்னிக்கப்படும். வரைபடத்தில் முன்கால் இப்போது மூன்று விரல் குட்டை.

அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் தச்சர் மத்தியானம் சாப்பிட வந்தார். மச்சினன் குளித்து, அவருடைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, சுவரோரம் நின்றிருந்தான். சட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. அவன் அக்கா தட்டில் சோறு போட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருடா."

அவன் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டான்.

"மாப்ள, உட்காந்து சாப்பிடு" என்றார் தச்சர். "இது நம்ம பட்டறை நாற்காலிதான். நான் செஞ்சது."

"தெரியும் மாமா" என்றான் அவன். "அதுவும் நீங்க செஞ்சதுதான். நான் அங்க கீழ விழுந்து கிடந்தப்ப அடியில இலை தெரிஞ்சுது."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இன்னொரு கவளம் எடுத்தான். "உங்க இலையைப் பாத்ததும் முதல்ல கொஞ்சம் தைரியமாக்கூட இருந்துச்சு. நம்ம ஆளு ஒருத்தர் இங்க இருக்கார்னு."

அவர் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்த இலைங்க?" என்றாள். "எதை நீங்க செஞ்சீங்க?"

இந்த முறை தச்சர் மரத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை. "அவனை உட்கார வச்ச நாற்காலி" என்றார். "அதை அப்படி வெட்டிக் குடுத்தது நான்தான்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பையிலிருந்து வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். காதில் செருகியிருந்த பென்சிலால் அதன் அடியில் எழுதினார். "ஆர்டர் நிராகரிக்கப்படுகிறது. காரணம்: உட்கார முடியாது." கீழே கையெழுத்துப் போட்டு, பட்டறை விலாசத்தையும் எழுதினார், வந்து பிடிப்பவர்கள் தேடி அலைய வேண்டாமே என்று.

எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தபோது மச்சினன் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தான். இன்னமும் நின்றுகொண்டுதான் இருந்தான்.